கட்டைவிரலை மடக்கிக்கொண்டவர்கள்

கடிதம் எழுதிக் கொடுக்கும் தொழிலில் எழுதுவது பாதி வேலைதான். வந்த காகிதத்தை வாசித்து, அது நல்லதா பொல்லாததா என்று சொல்வது மீதிப் பாதி. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில், கடை வாசல் நடைபாதையில் மேசை போட்டுப் பதினாறு வருடம் இதைச் செய்தேன். படித்தது ஆறாம் வகுப்பு. ஆட்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம், அதனால் அவர்கள் விரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு மனு எழுதி, மை தடவி, ரேகை வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் அவஸ்தை புரியும்.

இருபத்தொரு நகல்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் செல்லப்பன் அண்ணன் வந்தார். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் காவலாளி. தபாலில் வந்த காகிதம் ஒன்றை நீட்டினார். இதை இருபத்தொரு நகல் எடுத்து இருபத்தொரு பேருக்கு அனுப்பினால் செல்வம் வரும், அனுப்பாவிட்டால் வீட்டில் சாவு விழும் என்று எழுதியிருந்தது. அவருடைய பேத்தி அப்போது மருத்துவமனையில் கிடந்தாள். பயத்தில் நகல் எழுதச் சொல்லிவிடுவாரோ என்று நான் தலை குனிந்துகொண்டேன்.

அவர் கேட்டது வேறு. அடியில் யார் பெயர் போட்டிருக்கிறது என்றார். பெயரே இல்லை என்றேன். காகிதத்தை வாங்கி நான்காக மடித்து, என் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் செருகினார். "சாபம் விடுறவனே பேரு போடப் பயப்படுறான், அவனுக்கு நான் எதுக்குப் பயப்படணும் லா?"

அழகான முத்திரை

ஆரோக்கியமேரி அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வீட்டு அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு, கணவரோடு ஆங் மோ கியோவில் சொந்த வீட்டுக்குக் குடிபோனவர். கணவர் இறந்துவிட்டார். வீட்டை அக்கா பெயருக்கு மாற்றச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

மூன்று மாதம் கழித்து இரண்டு தாள்களோடு வந்தார். அரசாங்க வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் கொடுத்தாராம். ரேகை வைத்துத் தயாராக வைத்திருந்தால் மறுநாள் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாராம். முதல் தாளில் பெயர், அடையாள அட்டை எண், புளோக் எண் எல்லாவற்றையும் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. அடியில் வட்ட முத்திரை, அழகாக விழுந்திருந்தது. இரண்டாவது தாள் முழுக்கப் பொடி எழுத்து ஆங்கிலம். எனக்கு அது புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மைப்பெட்டியைத் திறந்து, "வைங்க அக்கா" என்றேன்.

அக்கா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "ரெண்டாவது தாளை நீங்க வாசிக்கலையே தம்பி?"

"முத்திரை சரியா இருக்கு அக்கா."

"முத்திரை இருக்கட்டும். அந்த ஆபீசுக்கு மூணு தடவை போயிருக்கேன், மூணு தடவையும் வரிசை நம்பர் வாங்கிட்டு உக்காந்திருந்தேன். இவன் வீட்டுக்கே வந்து, நின்னுக்கிட்டே முடிச்சுத் தரேங்கிறான். நம்பர் குடுக்காத ஆபீஸ் சிங்கப்பூர்ல எங்கய்யா இருக்கு?"

இரண்டாவது தாள்

மறுநாள் காலையில் மேசையைப் போடாமல் அக்காவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். பதினாறு வருடத்தில் நான் மேசை போடாத நாட்கள் நான்கு. அதில் அது ஒன்று. நம்பர் வாங்கி உட்கார்ந்தோம். யாழ்ப்பாணத்துக்காரரான குமாஸ்தா ஒருவர் தாள்களை வாங்கி வாசித்தார். முதல் தாள் வெறும் பெயர் மாற்றம். இரண்டாவது, விற்பது உட்பட அந்த வீட்டைப் பற்றிய எல்லாக் காரியத்தையும் அக்கா சார்பில் பார்க்க அந்த ஆளுக்கு அதிகாரம் கொடுப்பது. அப்படி ஓர் ஊழியரே தங்களிடம் இல்லை என்று சொல்லி, அவரே போலீசுக்கும் தகவல் கொடுத்தார்.

நாலு மணிக்கு அக்கா வீட்டுக்கு அந்த ஆள் வந்தான். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். நான் படிக்கட்டில் ஒளிந்திருந்தேன். அக்கா இரும்புக் கதவைத் திறக்காமல், இரண்டாவது தாளைக் கம்பி வழியே நீட்டி, "தமிழ்ல சொல்லுங்க, கேட்டுட்டு ரேகை வைக்கிறேன்" என்றார். அவன் சொன்னான். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அது வேறு மாதிரி வந்தது. மூன்றாம் முறை தொடங்கும்போது பக்கத்துக் கதவு திறந்தது.

எல்லோரும் போன பிறகு, மைப்பெட்டியைத் திறந்தவன் நான்தானே என்று மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "தெரியலைன்னு சொல்ல ஆறாம் வகுப்பு வரைக்கும் படிக்கணுமா தம்பி? எனக்குப் படிக்காமலே வருதே."

மார்சிலிங்கிலிருந்து ஒருவர்

வீடு அக்கா பெயருக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் அவர் நின்றுகொண்டு, கடைசித் தாள்வரை கேட்காமல் யாரும் ரேகை வைக்காதீர்கள் என்று வயதானவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். நானும் தெரியாததைத் தெரியாது என்று சத்தமாகச் சொல்லப் பழகினேன்.

அப்படி அக்கா சொல்லி, மார்சிலிங்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய மனுவை எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டி, மைப்பெட்டியைத் திறந்தேன். விரல் வரவில்லை. ஆரோக்கியமேரி அக்கா எனக்கு வேண்டியவர்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அந்த அம்மா மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "அக்கா உங்களை நல்லவர்னுதான் சொன்னாங்க, இருந்தாலும் நீங்க வாசிச்சதுதான் இதுல இருக்கான்னு அடுத்த சந்துல ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன், கோவிச்சுக்காதீங்க."

இப்படி என் மைப்பெட்டி திறந்திருக்கும்போதே எழுந்து போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். என் தொழிலை ஒழுங்காகத்தான் செய்தேன் என்பதற்கு அந்த ஒன்பது பேரைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.