மாமாவின் காந்தம்

எங்கள் குடும்பத்தில் பேப்பரில் படம் வந்த ஒரே ஆள் அம்மாவின் மூத்த அண்ணன்தான். ஹட்டனில் பழைய இரும்பு பொறுக்கத் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கும் வியாபாரிகளுக்கும் நடுவே தரகு பார்த்து, கடைசியில் கொழும்புப் பக்கம் சொந்தமாக இரும்பாலையே போட்டுவிட்டவர். இரும்புத் தொழிலை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. தலைநகரில் எழும்பும் மாடிகளில் பாதிக்கு மேல் அண்ணனின் கம்பிதான் என்பாள் அம்மா. மழை நாட்களில் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கூரை ஒழுக, அதற்கடியில் சட்டி வைத்துக்கொண்டேதான் சொல்வாள்.

எனக்குப் பத்து வயதில் தோட்டத்து ஸ்டோரை மூடினார்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்து உருட்டும் ரோலர் மெசினில் பதினெட்டு வருசம் நின்ற அப்பாவுக்கு வேலை போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அம்மா மலையில் கொழுந்தெடுத்துவிட்டுத் திரும்பும்வரை வீட்டில் அப்பா இருந்தார்.

மாமா ஸ்டோரைப் பார்க்க வருகிறார் என்றதும் அப்பாவுக்கு உயிர் வந்தது. மச்சான் நினைத்தால் அதை வாங்கி மறுபடி ஓட்டலாம் என்று நம்பினார். காவல்காரரிடம் கெஞ்சி உள்ளே போய், மூன்று நாள் ரோலரைத் துடைத்து எண்ணெய் போட்டார். பித்தளைத் தகட்டில் என் முகம் தெரிந்தது.

மாமா வந்தார். கொழுந்தை எவ்வளவு நேரம் உருட்டினால் என்ன நிறம் வரும் என்று அப்பா விளக்கிக்கொண்டே இருந்தார். மாமாவோ சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மெசினில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். இரும்பில் டக்கென்று ஒட்டியது, பித்தளையில் வழுக்கியது. எனக்கு அது வித்தையாக இருந்தது. மறைவான மூலைகளையெல்லாம் ஓடி ஓடிக் காட்டினேன். கெட்டிக்காரி என்று சொல்லிக் காந்தத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

"எத்தன டன் வரும் மாப்ள?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் லொறி வந்தது. மெசின் ஏறியது. ஆலையில் வேலை தருவதாக மாமா சொல்லியிருந்ததால் அப்பாவும் ஏறினார். அம்மா அழுதாள், நான் அழவில்லை. கொழும்பில் மெசினைப் பூட்டி அப்பாதான் ஓட்டப்போகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். காந்தத்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு வெறும் ஸ்டோருக்குள் சுற்றுவேன். ரோலர் நின்ற இடத்தில் நாலு குழிகள் இருந்தன. ஆணிகளும் துருத் தூளும் வந்து ஒட்டும். பேச ஆளில்லாமல் அவற்றோடு பேசியிருக்கிறேன். அவ்வளவு தனியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் பண்ணுவார்.

"மெசினு நல்லா ஓடுதாப்பா?"

பள்ளிக்கூடம் எப்படி என்று பேச்சை மாற்றுவார். நான் மறுபடி கேட்பேன்.

"ஓடுதும்மா."

பழைய இரும்பை உலையில் தள்ளுவதுதான் அங்கே அவருக்கு வேலை. அவர் கையால் தள்ளிய முதல் லோடு அந்த ரோலர்தான். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல், ஒரு ஞாயிறும் தவறாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.