கீழ்க்கோட்டில் ஒருத்தி

மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவது முத்துராணியின் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை நடத்தும் வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியில் அவள் களப்பணியாளர். அறுவை முடிந்த எழுபத்துநான்கு பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போவாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பாள். தாளில் மூன்று கேள்விகள். இருக்கிறாரா? நோய் திரும்பியதா? இறந்திருந்தால் என்றைக்கு?

எழுபத்துநான்கில் அறுபத்தொன்றாம் எண் அவளே. முக்கூடலில் இருபது வருடம் பீடி சுற்றினாள். பசி தெரியாமலிருக்க இடது கன்னத்தில் போயிலையை அடக்கிக்கொள்வாள். அந்தக் கன்னத்தை ஐந்து வருடத்துக்கு முன் வெட்டியெடுத்து, நெஞ்சுச் சதையை வைத்துத் தைத்தார்கள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. டாக்டர்களுக்குக் கதவைத் திறக்காத வீடுகள் அந்த முகத்துக்குத் திறந்தன. அதனால்தான் வேலை கொடுத்தார்கள். “இவங்களைப் பாருங்க, எப்படி இருக்காங்க” என்று அவளைக் காட்டியே ஊர் ஊராக ஆட்களை வரவழைத்தார்கள்.

தன் தாளையும் அவளே எழுதினாள். அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

பங்குனியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனாள். இசக்கிதுரை, ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர், நாக்கில் கால்வாசி இல்லாதவர், அவள் பார்த்து முடித்ததும் வாயை மூடாமல் வம்புக்கு இழுத்தார்.

“எங்க வாய்க்குள்ளயே டார்ச்ச அடிக்கியே, ஒன் வாய எவன் பாக்கான்?”

“எனக்கென்ன அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கேன்.”

“டார்ச்ச இங்கன குடு. ரெண்டு தடவ வெட்டுப்பட்டவன்ட்டி நானு. பாதி டாக்டராக்கும்.”

“அந்தப் பிள்ள வாயில ஒமக்கு என்ன சோலி?” என்றாள் அவர் மனைவி.

முத்துராணி சிரித்துக்கொண்டே திறந்தாள். அவர் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

“இது எப்பருந்துட்டி?”

“பல்லு ஒரசுன புண்ணு. ரெண்டு மாசமா இருக்கு.”

“போன வருசம் நானும் இதத்தான் சொன்னேன். சட்டைகூட மாத்த விடாம பஸ்ல ஏத்துனவ நீ.”

அவள் டார்ச்சைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள். தழும்பின் ஓரத்தில் இருந்த கட்டியான விளிம்பை அவள் நாக்கு தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இனி வெட்டினால் தாடை போகும் என்பது அவளுக்குத் தெரியும். திரும்பும் பஸ்ஸில் தன் தாளை எடுத்து, நோய் திரும்பியதா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள்.

மறுநாள் தாள்களைக் கொடுக்கப் போனபோது நித்யா கம்ப்யூட்டர் முன் இருந்தாள். மருத்துவ மேற்படிப்பு மாணவி. வெட்டியெடுத்த சதைகளுக்கெல்லாம் சாயம் ஏற்றிப் பார்த்தவள் அவள். கிருமியைக் கண்டுகொண்டு உடம்பை உஷார்ப்படுத்தும் ஏற்பிகள் சில உண்டு. கட்டியின் செல்களில் அவை நிறைய இருந்தால் கட்டி ஆழப் பாயும், திரும்ப வரும் என்பது அவள் கணிப்பு. அதற்கு அடுத்த நாள் அவள் அறிக்கையை அனுப்ப வேண்டும்.

“வாங்கக்கா, இதப் பாருங்க.” திரையில், நோய் திரும்பாமல் இருப்பவர்களின் கணக்கைக் காட்டும் இரண்டு கோடுகள் படிபடியாக இறங்கின. “மேல உள்ளது ஏற்பி கொறஞ்சவங்க. கீழ உள்ளது கூடுனவங்க, பத்தொம்பது பேரு. பதினெட்டுப் பேருக்குத் திரும்பிட்டு. ஒரே ஒரு ஆளு மட்டும் கோட்டத் தரையில விழ விடாம புடிச்சுக்கிட்டு நிக்காங்க.” சிரித்தாள். “நீங்கதான்.”

முத்துராணி அந்தக் கோட்டைப் பார்த்தாள். அதன் ஒவ்வொரு படியும் அவள் ஏறி இறங்கிய ஒரு வீடு.

“எனக்குக் கூடுதல்னு எப்பத் தெரியும் டாக்டர்?”

“மூணு வருசம் இருக்கும். சொல்லக்கூடாதுல்லாக்கா. ஆராய்ச்சிக்கு மட்டும்னுதான கையெழுத்துப் போட்டிருக்கிய. இன்னும் நிரூபிக்காத விசயம் வேற. வீணா பயந்துருவிய.”

மூன்று வருடம். தினமும் இதே அறையில் இருவரும் தேநீர் குடித்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட, ஏதோ ஒரு சாக்கில்கூட, வாயைத் திறங்க என்று நித்யா சொன்னதில்லை.

முத்துராணி கையிலிருந்த தாள்களுக்குள்ளிருந்து தன்னுடையதை உருவினாள். ‘இல்லை’யை அடித்தாள். ‘ஆம்’ என்று எழுதி, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு, மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தாள்.

நித்யா தாள்களைப் புரட்டிப் புரட்டி எண்களைத் தட்டினாள். பெயர்களைப் படிக்கவில்லை. கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் கீழ்க்கோடு செங்குத்தாக இறங்கித் தரையைத் தொட்டது.

“அப்பாடா, இப்பச் சுத்தமா வந்துட்டு!”

சொன்ன பிறகுதான் தாள்களுக்குள் தேடி எண்ணைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் அதற்கு முந்தைய முகத்தை முத்துராணி பார்த்துவிட்டிருந்தாள்.

“அக்கா...” நித்யா எழுந்து வந்து வெறுங்கையை அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

“கிளவுஸ் மாட்டிட்டுப் பாருங்க டாக்டர்” என்றாள் முத்துராணி.