ஒரே ரூம் ஹவுசிங்

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு வாளி. வாளி நிறையத் தண்ணீர், அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் மடித்த டிஷ்யூ தாள். கடைக்காரர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பல காலமாகக் கேமரா விற்கும் தமிழ் முஸ்லிம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்கூபா பயிற்சி முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான்கு முறை கடலுக்குள் இறங்கி, நான்கு முறையும் பாறையில் இடித்திருந்தேன். கடலுக்கடியில் படம் எடுக்க இந்தத் தேர்ச்சி போதும் என்பது என் முடிவு, பயிற்சியாளருடையது அல்ல.

"கேமரா ஒங்ககிட்டயே இருக்கு. ஹவுசிங் மட்டும் வாங்குனா போதும்லா," என்றார் கடைக்காரர்.

கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும் நீர்புகாப் பெட்டிக்கு அந்தப் பெயர். முதலில் வெறும் டிஷ்யூவை வைத்து முக்கிப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் கழித்தும் தாள் நனையாமல் இருந்தால் பெட்டியை நம்பலாம்.

அப்போது மனைவி அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஹவுசிங் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எங்கள் ஊரில் ஹவுசிங் என்றால் வரிசையாகக் கட்டிய புது வீடுகள். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சுவர் மழைக்கு ஒழுகும். வீடு மாறலாம் என்று அவள் ஆறு வருடமாகச் சொல்கிறாள். பார்க்கலாம் என்று நான் ஆறு வருடமாகச் சொல்கிறேன்.

"எத்தன ரூம்?" குரல் குழைந்திருந்தது.

அந்த இடத்தில் திருத்தியிருக்க வேண்டும். பத்திரிகை வேலையில் நான் கற்றது, பொய்யாக ஒரு வாக்கியமும் எழுதாமல் ஆளை ஏமாற்றுவது எப்படி என்பதுதான்.

"ஒரே ரூம்தான். ஆனா தண்ணி உள்ள வராது."

"மழைக்குக்கூடவா?"

"கடல்ல முக்குனாலும் வராதாம்."

"விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். நீங்க ஒன்னும் பேசாதீங்க, நான் வரேன். எடத்த சொல்லுங்க."

சொன்னேன். இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள். வெளியே போகும் நல்ல உடை, கூடவே அவளுடைய அக்கா. கையில் ஒரு நீலக் கோப்பு: எங்கள் இருவரின் அடையாள அட்டை நகல்கள், சம்பளச் சீட்டுகள், வீட்டுக் கடனுக்கு வேண்டியதெல்லாம். அப்படி ஒரு கோப்பு வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாது.

கடைக்காரர் வாளியிலிருந்து பெட்டியை எடுத்துத் துடைத்துத் திறந்தார். "பாருங்க தங்கச்சி, ஒரு சொட்டு இல்ல. நல்ல ஹவுசிங்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல யாரு குடியிருக்கப் போறா, அண்ணே?"

"கேமராதான்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். "ரூமும் ஒன்னுதான், காத்தோட்டமும் பத்தாது போல."

மனைவி சிரிக்கவில்லை. கோப்பை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "பரவால்ல. கேமராவுக்காச்சும் வீடு கெடச்சிருச்சு."

கடைக்காரர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வாளியில் இப்போது தண்ணீர் மட்டும்தான். பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, கோப்பைத் தரும்படி அவளிடம் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

மறுநாள் ஸ்கூபா குழுவின் படகு நான் இல்லாமல் புறப்பட்டது. பாயான் லெப்பாஸ் பகுதியில் நாங்கள் மூன்று வீடுகள் பார்த்தோம். மூன்றாவது வீட்டின் பின்பக்கம் விமான நிலையத்து வேலி; காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.