உச்சிக்கொண்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தக் கூட்டம் சேர்ந்ததே என் வாயாலதான்.

அப்போ யுத்த காலம். திருத்தணி ஸ்டேஷன்ல எங்க வீட்டுக்காரருக்கு வேலை, மலையடிவாரத்துல குடியிருந்தோம். எங்க தெருவுல கூலி வேலைக்குப் போறவங்க புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுவாங்க. மூணாம் நாளே அதுங்க அழுதுக்கினு ஓடியாந்துடும். அதோட சரி, படிப்புக்கு முழுக்கு. ஒருநாள் பெரிய வாத்தியாரையே வழி மறிச்சுக் கேட்டுட்டேன்.

"ஒரு இடத்துல உட்காரவே தெரியாத புள்ளைங்களை வெச்சுக்கினு நான் இன்னாம்மா பண்றது?"ன்னார்.

"உட்காரப் பழக்கி அனுப்பினா?"

"ஆங், அனுப்புங்க. ஆனா காது எட்டணும்."

காதுதான் வயசுக்கு அளவு. பிறந்த தேதி எந்த வீட்டுல எழுதி வெச்சிருந்தாங்க? வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொட்டா அஞ்சு வயசு. தொடலைன்னா அடுத்த வருஷம் வான்னுடுவாங்க.

நான், முடி எடுக்கிறவர், பூக்காரம்மா மூணு பேரும் கூட்டமாச் சேர்ந்து, குளத்தங்கரையில மொட்டை போடற கொட்டகையிலதான் பழக்க ஆரம்பிச்சோம். உட்கார வெக்கிற வேலை முடி எடுக்கிறவரோடது. கத்திக்குக் கீழ எத்தனை குழந்தையை உட்கார வெச்ச மனுஷன்! தாடையில ரெண்டு விரலை வெச்சு, "தோ, மலை மேல பாரு"ன்னுவார். அத்தனை வாலும் கப்சிப்னு ஆயிடும். பூக்காரம்மா அரளி மொட்டைப் பரப்பி, பத்து வரைக்கும் எண்ணப் பழக்கினா. மணல்ல எழுத்து என் பங்கு.

அதுல ஒரு பொண்ணு. அவ அம்மா நாத்து நடப் போறவ, அப்பா பட்டாளத்துல. குழந்தை ஜுரத்துல கிடந்தப்போ ஆடிக்கிருத்திகைக்கு முடி எறக்கறதா வேண்டிக்கிட்டாங்க. அதுக்குள்ள அவர் கப்பலேறிட்டார். "அவங்க நைனா வந்து மடியில உக்கார வெச்சுக்கினாத்தான் எறக்குவேன்"னு அவ அம்மா ஒரே பிடிவாதம். குழந்தைக்கு இடுப்பு வரைக்கும் முடி வளந்துடுச்சு.

அவர்கிட்டேர்ந்து லெட்டர் வந்தா, படிக்கத் தெரியாத அவளுக்குக் கடைத்தெருவுல யாராவது சத்தமாப் படிப்பாங்க. நாலு பேர் சுத்தி நின்னு சிரிப்பாங்க. நான் படிச்சுச் சொல்றேனேன்னேன். "நீயும் வேத்து மனுஷிதானே அக்கா? எம் பொண்ணு படிச்சுட்டாள்னா வூட்டுக்குள்ளவே கேட்டுக்குவேன்"னா. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அவ சொன்னதுல என்ன தப்பு?

பின்னலோட பத்து நாள் குழந்தையைக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்தோம். பத்து நாளும் அவ கை காதைத் தொட்டுது. சேர்க்கிற அன்னைக்குக் காலையில நான் சும்மா இருந்தேனா? எண்ணெய் வெச்சு, அத்தனை முடியையும் சுருட்டி உச்சியில கொண்டை போட்டு, பூவைச் சுத்தி, கன்னத்துல திருஷ்டிப் பொட்டும் வெச்சுக் கூட்டிக்கினு போனேன்.

வாத்தியார் முன்னாடி பத்து வரைக்கும் எண்ணினா. அசையாம உட்கார்ந்தா. "காதைத் தொடு"ன்னார். கை கொண்டை மேல ஏறி, காதுக்கு ரெண்டு விரக்கடை மேலயே நின்னுபோச்சு.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

வந்துச்சே எனக்குக் கோவம்! "காதா ஐயா படிக்கப் போவுது?"ன்னு கத்தினேன். நேத்து எட்டின கை இன்னைக்கு ஏன் எட்டலைன்னு என் மரமண்டைக்கு உறைக்கல. வேலைக்குப் போகாம வாசல்ல நின்னுக்கினு இருந்த அவ அம்மாவுக்குத்தான் உறைச்சுது. உள்ள வந்தா. குழந்தை தலை மேல கையை வெச்சா. எங்களோட வந்திருந்த முடி எடுக்கிறவரைப் பார்த்து, "முடியை எறக்கிடுங்கண்ணா, இங்கயே"ன்னா.

அவர் கத்தியைத் தொடல. "முடி இன்னாம்மா பண்ணுச்சு பாவம்? கொண்டை போட்டவங்களைக் கேளு"ன்னு என்னைப் பார்த்துக்கினே அதை அவுத்துவிட்டார். பூவெல்லாம் தரையில கொட்டுச்சு. கை காதைத் தொட்டுது. வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கினு பேரை எழுதினார். எனக்கு மானமே போச்சு. ஆனா அழுகையும் வந்துச்சு. அத்தனை நாள் புருஷனுக்காகக் காத்து வெச்ச முடியை ஒரு நொடியில குடுக்கத் துணிஞ்சாளே, மகராசி!

பொண்ணு ரெண்டாம் கிளாஸ் போனப்புறம் ஒரு லெட்டர் வந்துச்சு. கதவைச் சாத்திக்கினு, அவளே எழுத்துக்கூட்டிப் படிச்சாளாம். படிச்சு முடிச்சதும் அவ அம்மா அதை எடுத்துக்கினு என் வீட்டுக்கு ஓடியாந்தா.

"இவ தப்பாப் படிக்கிறாளான்னு பாரு அக்கா."

ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. 'நான் வருவேன்னு காத்திருக்க வேண்டாம். குழந்தை முடியை எறக்கிடு'ன்னுதான் இருந்துச்சு. ஏன்னு எழுதல. அதுக்கப்புறம் லெட்டரும் வரல.

அந்த ஆடிக்கிருத்திகைக்கு அம்மா மடியிலதான் குழந்தை உட்கார்ந்துச்சு. பழக்கினபடியே மலையைப் பார்த்துக்கினு அசையாம இருந்துச்சு. முடி எடுக்கிறவர்தான் நடுவுல ரெண்டு தரம் கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கினார்.