புரிந்ததாகச் சொன்ன தாள்

"ஏட்டி, இங்கிலீஷ் காயிதம் உனக்கு முழுசா வெளங்குமா?" என்று அப்பா கேட்டார். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைத் தொழிலாளி அவர், கைநாட்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படிக்க வைத்தது அண்ணன்.

அண்ணன் வடக்கே எல்லையில் சுங்கத்துறைச் சிப்பாய். கடத்தல் லாரியை மறித்தபோது அவன்மீது ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். உடலோடு வந்த மதுரைக்காரர், அவனோடு வேலை பார்த்தவர், அழுதுகொண்டே அதைச் சொன்னார். பாபநாசத்தில் அஸ்தி கரைக்கவும் எங்களோடு ஆற்றில் இறங்கினார். காரியம் முடிந்ததும், அப்பா ரேகை வைக்க வேண்டிய ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டி, "வழக்கமான தாள்தான், தங்கச்சி" என்றார்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாம் சரியா இருக்குப்பா, பெருவிரலை வையுங்க" என்றேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணனின் அலுவலகத்திலிருந்து அந்தத் தாளின் நகலோடு கடிதம் வந்தது. அண்ணன் பணியில் இறக்கவில்லையாம். விடுப்பில் சாலையைக் கடந்தபோது விபத்தாம்; அதை அப்பாவே ஒப்புக்கொண்டதாகத் தாளில் இருந்தது. அப்பாவின் ரேகைக்குக் கீழே, சாட்சியாக மதுரைக்காரரின் கையெழுத்து.

வாசித்துச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. "அப்போ எம்புள்ள சும்மா ரோட்டுல போயாட்டி செத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அகராதியை வைத்துக்கொண்டு நானே அந்த அலுவலகத்தின் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். புரியாத தாளைப் புரிந்ததாகச் சொன்னவள் நான் என்பதுதான் அதன் முதல் வரி. நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.