பல்லில்லாத சூரன்

அந்த வருடம் எங்கள் கராஜில் கார் நிற்கவில்லை, சூரன் நின்றான். ஊரில் நடந்த போருக்குத் தப்பி ஆக்லாந்துக்கு வந்திருந்த எங்கள் ஆட்கள் முதன்முதலாகச் சூரன்போர் நடத்துவதென்று தீர்மானித்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு எட்டு வயது. சூரனைச் செய்து தரும் பொறுப்பை அப்பா தானாகவே கையைத் தூக்கி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு நேராக ஒரு கோடுகூடக் கீற வராது என்பதை அம்மா நினைவூட்டினார்.

அப்பா அசரவில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் பெட்டி ஒட்டும் வேலையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் உக்ரைனிலிருந்து வந்த ஒரு பெண் ஓவியர். தன் நாட்டில் கண்காட்சிகள் வைத்தவர், இங்கே பெட்டி ஒட்டினார். நாங்கள் அவரை உக்ரைன் அன்ரி என்போம். அவருடைய வீட்டுச் சுவர் முழுக்கப் பழங்கதைப் படங்கள்தான். பிள்ளைகளைக் கப்பமாகக் கேட்கும் மூன்று தலைப் பாம்பு ஒன்றுக்கு அவர் பளபளவென்று சப்பாத்து மாட்டிவிட்டிருந்தார். காலில்லாத பாம்புக்கு எதற்குச் சப்பாத்து என்று எனக்கு ஒரே சிரிப்பு.

வேல் படப்பட, சூரனுடைய தலையைக் கழற்றி அடுத்ததை மாட்டுவது வழக்கம். தலைகளைச் செய்ய அப்பா அன்ரியைப் பிடித்தார்; யானைத் தலையும் சிங்கத் தலையும் அவருக்கு லேசாக முடிந்துவிட்டன. கடைசியில் வருவது சூரனின் சொந்தத் தலை. அவன் என்ன செய்தான் என்று அன்ரி கேட்க, அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கந்தபுராணத்தை அவிழ்த்துவிட்டார். வரம் வாங்கி அரசனானான், தேவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டான், இந்திரனின் மகனைக்கூட விடவில்லை, தப்பியவர்கள் ஓடி ஒளிந்தார்கள். எல்லாம் சொன்ன அப்பா கோரைப்பல்லைச் சொல்லவில்லை. சூரனுக்குப் பல் வெளியே நிற்கும் என்பதைக்கூட ஒருவருக்குச் சொல்லவேண்டி வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அன்ரி மெதுவாகத் தலையாட்டி, இவனை எனக்குத் தெரியும் என்றார்.

சூரன்போருக்கு முதல்நாள் தலை வந்து சேர்ந்தது. மழுங்கச் சவரம் செய்த, வடிவான முகம். ஒட்ட வெட்டிய முடி. பெயரைக் கேட்டுவிட்டு, உட்கார் என்று சொல்லப்போகிறவனுடைய சிரிப்பு. ஒரு பல்கூட வெளியே தெரியவில்லை.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "இதென்ன, வங்கி மனேஜர் மாதிரி நிக்கிறான்! சனம் விழுந்து விழுந்து சிரிக்கப்போகுது. இனி ஆர் என்னை நம்பி ஒரு கோயில் காரியம் தருவினம்? ரெண்டு பல்லை வெட்டி ஒட்டிவிடுவம்."

அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"விடுங்கோ. அவன் இப்பிடித்தான் இருந்தவன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு பசை வாளியைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் மனுகாவில் வாடகைக்கு எடுத்த ஹோலில், அப்பாவும் இன்னும் சிலரும் சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு இங்குமங்கும் ஓடினார்கள். யானைத் தலைக்குப் பிள்ளைகள் கூவினோம். சிங்கத் தலைக்கு இன்னும் பலமாகக் கூவினோம். மூன்றாவது தலையை மாட்டினார்கள். அப்பா பயந்த சிரிப்பு வரவேயில்லை. பெரியவர்கள் ஒருவர்கூட அசையவில்லை, பிள்ளைகளும் அடங்கிப்போனோம். வேல் பட்டு அந்த முகம் கீழே இறங்கியபோது எழுந்த அரோகராவில் ஹோலின் கூரையே பறந்துவிடும் போலிருந்தது. அப்படியொரு அரோகராவை அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை. எங்கள் கராஜ் சூரன் அவன்! அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

பின்வரிசையில் அம்மா உக்ரைன் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்ரியும் அழுதார். சுற்றி நின்ற பெரியவர்கள் பலரும் கண்ணைத் துடைத்தார்கள். இருவருக்கும் பொதுவாகப் பத்துச் சொல்கூடத் தெரியாது.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததும், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சிரித்துக்கொண்டே ஓர் அதிகாரி அவரை வாசலில் வைத்துக் கூட்டிப்போனதும், அவர் திரும்பி வராததும் எனக்கு அப்போது தெரியாது. தலை நன்றாக வந்துவிட்ட சந்தோசத்தில் அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது எங்கள் கராஜ் சூரனின் தலை என்று, அழுதுகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.