பகல் மௌனி

காலையில் காபி குடித்து வாய் கொப்பளித்ததும் திருமலை டப்பாவைத் திறந்து கிளிப்பை மாட்டிக்கொள்வார். மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்தும். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் வியாதிக்காக வேலூர்ப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து கொடுத்தது. "மொதல்ல பகல்ல கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்க, அப்புறம் ராத்திரி பூரா போட்டுக்குங்க" என்றார் டாக்டர். அதில் முதல் பாதியை மட்டும் திருமலை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

வாடகை வேன் ஓட்டுகிறவர். போன மாதம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, வேனை ரோட்டோர மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகள் மேல் இறக்கினார். நல்லவேளை, வண்டியில் வேறு ஆளில்லை. கேட்டால், "ரோடு சரியில்லப்பா" என்பார். குறட்டையைப் பற்றிக் கேட்டால், "நானா? யாரு சொன்னது?" என்பார். அவர் வீடிருக்கும் செங்கம் ரோடே சொல்லும்.

கிளிப்போடு அவர் போய் உட்காருவது ரமணாசிரமம் பக்கத்து டீக்கடை பெஞ்சில். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்தால் சட்டை நனையும். ஆகவே பேசுவதில்லை. வெள்ளை வேட்டி, நரைத்த தாடி, தூக்கம் போதாமல் பாதி மூடிய கண்கள். இந்த ஊரில் சாமியாராக இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? ஒரு நாள் பெங்களூர் அம்மாள் ஒருத்தி வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுக் காலில் விழுந்தாள். மானமுள்ளவன் எழுந்து ஓடியிருப்பான். திருமலை கையை உயர்த்தி ஆசி வழங்கினார். மறுநாளிலிருந்து பெஞ்சுக்குச் சீக்கிரமே வந்தார்.

ராத்திரியானால் கிளிப் டப்பாவுக்குள் போய்விடும். "தாடை வலிக்குது. இருட்டுல போட்டா யாரு பாக்கறது?"

பார்க்க ஓர் ஆள் உண்டு, மனைவி தமிழ்செல்வி. குறட்டை இடியாய் முழங்கும்போது அவளுக்குப் பயமில்லை; சட்டென்று நிற்கும்போதுதான் பதறி எழுவாள். விலாவில் இடித்து எழுப்பி, மூச்சு திரும்பியதும் சுவரில் சாய்ந்துகொள்வாள். பாவம், நிம்மதியாகப் படுத்துத் தூங்கி மாதக்கணக்காகிறது. அவள் தவத்துக்கு ஒருவரும் பழம் வைக்கவில்லை.

போன வாரம் அவள் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "உங்க கால்ல வுழறவங்க யாரும் ராத்திரி மூச்சு நின்னா எழுப்ப வர மாட்டாங்க. நான்தான் முழிச்சினு இருக்கேன். எனக்கு முடியலிங்க. ஒரு நாள் நானும் அசந்துட்டா?"

திருமலைக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் அப்போது வாயில் கிளிப் இல்லை.

அன்றிரவு மாட்டிக்கொண்டே படுத்தார். விடிந்து கண் விழித்தால் தலையணை ஈரம், தாடை மரக்கட்டை. பக்கத்தில் தமிழ்செல்வி, முகத்தில் வெயில் விழுந்தும் அசையாமல், லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்படித் தூங்கி அவர் பார்த்ததே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெருவில் காய்கறி ஆட்டோ வந்து நின்றது. "தக்காளி, தக்காளி" என்று ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. எச்சில் வழிய, கிளிப்போடு வெளியே ஓடிய திருமலை, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ஒலிபெருக்கியின் வாயில் திணித்தார்.